ஒரே ஒரு லீக் பட்டம், இரண்டு ஐரோப்பியக் கோப்பை: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இரண்டு தடவை வென்றது நிஜம்தானா, அந்தக் காலத்தில் போட்டி லேசாக இருந்ததால் அடித்த அதிர்ஷ்டமா, அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ஐரோப்பாவில் என்னதான் செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வென்றது நிஜம். 1979, 1980 என்று அடுத்தடுத்த வருடங்களில் வென்றார்கள். மான்செஸ்டர் சிட்டி இதே கோப்பையை முதன்முறையாகத் தொட்டது 2023ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொரு விஷயமும் உண்டு. ஃபாரஸ்ட் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது ஒரே ஒரு முறை, 1978ல். ஐரோப்பியக் கோப்பையோ இரண்டு. சொந்த நாட்டு லீக்கை வென்றதைவிட ஐரோப்பியக் கோப்பையை அதிகமுறை வென்ற கிளப் ஐரோப்பாவிலேயே இது ஒன்றுதான். அதிர்ஷ்டமா என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். இந்த அணியின் கதையை நான் பல வருடமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன், பழைய ஆட்டப் பதிவுகளையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

முதலில் அன்றைய போட்டி முறை. இன்றைய சாம்பியன்ஸ் லீக்கில் ஒரே நாட்டிலிருந்து நான்கு, ஐந்து அணிகள் ஆடுகின்றன. அன்று ஒவ்வொரு நாட்டின் லீக் சாம்பியனும், போன வருடம் கோப்பையை வென்ற அணியும் மட்டும்தான். குழுச் சுற்று கிடையாது. முதல் சுற்றிலிருந்தே நாக் அவுட். உங்கள் ஊரில் ஓர் ஆட்டம், அவர்கள் ஊரில் ஓர் ஆட்டம், இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை சமமானால் எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு. கோப்பையை வெல்ல ஒன்பது ஆட்டம் போதும் என்பதால் சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் செப்டம்பரில் ஒரு மோசமான இரவு அமைந்தால் அந்த வருடமே முடிந்தது. இன்றைக்குப் பெரிய அணிகள் இரண்டு, மூன்று ஆட்டத்தில் தோற்றுவிட்டும் பிப்ரவரியில் தேறி வருகின்றனவே, அந்த வசதி அன்று யாருக்கும் இல்லை.

1978க்கு முன் ஃபாரஸ்டின் ஐரோப்பியக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1961ல் ஃபேர்ஸ் கோப்பை என்ற இன்னொரு ஐரோப்பியப் போட்டியில் வலென்சியாவிடம் அங்கே 0-2, இங்கே 1-5 என்று அடி வாங்கினார்கள். 1967ல் அதே போட்டியில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை நன்றாகவே வென்றார்கள். அடுத்த சுற்றில் சூரிச் அணியிடம் எதிரணி ஊர் கோல் கணக்கில் வெளியேறினார்கள். அவ்வளவுதான்.

1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் மேனேஜராக வந்தபோது ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் நடுவில் கிடந்தது. கிளஃப் அப்போது மனதில் காயத்தோடு இருந்த ஆள். பக்கத்து ஊரான டெர்பியின் அணியை 1972ல் லீக் சாம்பியனாக்கி, 1973ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனார். அங்கே யுவென்டஸிடம் தோற்றார். அந்தத் தோல்வி நியாயமாக நடக்கவில்லை என்று கடைசிவரை நம்பினார். அப்புறம் டெர்பியை விட்டு வெளியேறி, லீட்ஸ் அணிக்குப் போய் 44 நாளில் வேலை பறிபோய், கடைசியில் ட்ரென்ட் நதிக்கரையிலிருக்கும் ஃபாரஸ்டின் மைதானமான சிட்டி கிரவுண்டுக்கு வந்து சேர்ந்தார். 1976ல் அவருடைய பழைய கூட்டாளி பீட்டர் டெய்லரும் வந்துவிட்டார். ஆளைக் கண்டுபிடிப்பது டெய்லரின் கண். கண்டுபிடித்த ஆளிடமிருந்து வேலை வாங்குவது கிளஃபின் வாய்.

1977ல் இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்து, நான்காவதாக வந்த போல்டனைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து, முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஏறிய முதல் வருடமே லீக் சாம்பியன். இரண்டாவது வந்த லிவர்பூலைவிட ஏழு புள்ளி அதிகம். வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுத்த காலம் அது. 42 லீக் ஆட்டத்தில் வாங்கிய கோல் 24தான். இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள். ஐரோப்பாவில் நடந்ததற்கு விதை இதற்குள்தான் இருக்கிறது.

அணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கோலில் பீட்டர் ஷில்டன். இவர் ஒருவர்தான் வரும்போதே பெரிய பெயர். டிஃபென்ஸ் நடுவில் லாரி லாய்டும் கென்னி பர்ன்ஸும். பர்ன்ஸ் பர்மிங்ஹாமில் ஸ்ட்ரைக்கராக ஆடிக்கொண்டிருந்தவர். அவரைப் பின்னால் இழுத்து டிஃபெண்டராக்கினார்கள், அந்த வருடமே இங்கிலாந்துப் பத்திரிகையாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். வலது பக்கம் விவ் ஆண்டர்சன். 1978 நவம்பரில் இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். நடுவில் கேப்டன் ஜான் மெக்கவர்ன். ஹார்ட்டில்பூல், டெர்பி, லீட்ஸ், ஃபாரஸ்ட் என்று கிளஃப் போன இடமெல்லாம் கூடவே போனவர். இடது விங்கில் ஜான் ராபர்ட்சன். இவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

1978-79 முதல் சுற்றுக்கான குலுக்கலில் ஃபாரஸ்டுக்கு விழுந்த அணி லிவர்பூல். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். லிவர்பூல் 1977லும் 1978லும் ஐரோப்பியக் கோப்பையை வென்று, மூன்றாவதுக்காகக் கிளம்பியிருந்த அணி. ஐரோப்பாவிலேயே யாரும் விரும்பாத குலுக்கல் அது.

1978 செப்டம்பர் 13, சிட்டி கிரவுண்ட். முன்வரிசையில் கேரி பர்ட்டில்ஸ் என்ற பையன். லாங் ஈட்டன் யுனைடெட் என்ற சிறிய உள்ளூர் அணியிலிருந்து 2,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டவர். வீடுகளுக்குக் கார்ப்பெட் விரிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். முதல் அணிக்காக ஒன்றிரண்டு ஆட்டம் ஆடியிருந்தாலே அதிகம். அவர்தான் முதல் கோலைப் போட்டார். 1-0 என்றால் தங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று லிவர்பூல் நிதானமாக ஆடத் தொடங்கிய நேரம், ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, இடது பேக் காலின் பாரெட் எங்கிருந்தோ முன்னால் ஓடிவந்து பந்தை அந்தரத்திலேயே உதைத்து இரண்டாவது கோலை அடித்தார். இரண்டு வாரம் கழித்து ஆன்ஃபீல்டில் 0-0. ஐரோப்பிய சாம்பியன் முதல் சுற்றிலேயே வெளியே.

(பர்ட்டில்ஸுக்கு இடம் கிடைத்தது எப்படி என்றால், அந்த ஆகஸ்டில் பீட்டர் வித் என்ற ஸ்ட்ரைக்கரை நியூகாசிலுக்கு விற்றிருந்தார்கள். அந்த பீட்டர் வித்தான் 1982 இறுதிப்போட்டியில் ஆஸ்டன் வில்லாவுக்காக பயர்ன் மியூனிக்குக்கு எதிராக ஒரே கோலை அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார்.)

அடுத்த இரண்டு சுற்றுகளைச் சீக்கிரமாகவே கடக்கலாம். ஹங்கேரியின் பழைய நட்சத்திரம் புஷ்காஷ் பயிற்சியாளராக இருந்த ஏ.இ.கே. ஏதென்ஸை அங்கே 2-1, இங்கே 5-1. சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பரை இங்கே 4-1, அங்கே 1-1.

அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் சாம்பியன் கோல்ன். 1979 ஏப்ரல் 11 அன்று சிட்டி கிரவுண்டின் தரை முழுக்கச் சேறு. இருபது நிமிடத்துக்குள் கோல்ன் 2-0 முன்னிலை. பர்ட்டில்ஸ் ஒன்று, போயர் ஒன்று, ராபர்ட்சன் பறந்து தலையால் முட்டி ஒன்று என்று ஃபாரஸ்ட் 3-2 ஆக்கியது. அரங்கமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜப்பானியர் யசுஹிகோ ஒகுதெரா அடித்த பந்து ஷில்டனின் கைக்கடியில் நழுவி உள்ளே போனது. 3-3.

இப்போது கணக்கைப் பாருங்கள். எதிரணி ஊரில் மூன்று கோலை கோல்ன் எடுத்துவிட்டது. திரும்பும் ஆட்டம் 0-0, 1-1, 2-2 எப்படி முடிந்தாலும் கோல்ன்தான் இறுதிக்குப் போகும். ஃபாரஸ்டுக்கு இருந்த ஒரே நடைமுறை வழி ஜெர்மனிக்குப் போய் வெல்வது. எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். கிளஃப் மட்டும் தொலைக்காட்சியில், எங்களைக் கழித்துக்கட்டும் அளவுக்கு யாரும் முட்டாளாக இருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன் என்ற அர்த்தத்தில் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். ஏப்ரல் 25, கோல்ன். ஷில்டனும் லாய்டும் பர்ன்ஸும் ஒரு மணி நேரம் எதையும் உள்ளே விடவில்லை. 65வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை இயன் போயர் குனிந்து தலையால் தட்டிவிட்டார். 1-0. என்னைக் கேட்டால், இரண்டு இறுதிப்போட்டிகளையும்விட இந்த இரவுதான் ஃபாரஸ்டின் ஆகப் பெரிய ஐரோப்பிய இரவு.

இறுதிப்போட்டி 1979 மே 30, மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம். எதிரே சுவீடனின் மால்மோ. அதன் பயிற்சியாளர் பாப் ஹௌட்டன், இங்கிலாந்துக்காரர். நேர்மையாகச் சொல்கிறேன், ஆட்டம் அழகான ஆட்டம் இல்லை. மால்மோவின் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் காயத்தால் ஆடவில்லை. இருந்தவர்கள் பின்னால் நின்று தடுத்தார்கள். ஆனால் முதல் பாதி முடியும் தறுவாயில் வந்த அந்தச் சில விநாடிகளுக்காக முழு ஆட்டத்தையும் பார்க்கலாம்.

பந்து இடது ஓரத்தில் ராபர்ட்சனிடம் வருகிறது. இரண்டு மால்மோ ஆட்கள் அவரை மறிக்கிறார்கள். ராபர்ட்சன் வேகமானவர் இல்லை. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும், சிகரெட் பழக்கம் உண்டு. கிளஃப் வந்த நாளில் விற்பனைப் பட்டியலில் இருந்தவர். அவரிடம் இருந்ததெல்லாம் அரை அடி இடம் கிடைத்தால் போதும் என்ற திறமை. உடம்பை லேசாக ஒரு பக்கம் சாய்த்தார், இருவருக்கும் வெளிப்பக்கமாகப் பந்தைத் தட்டினார், எல்லைக்கோட்டை ஒட்டிப் போய் இடது காலால் தூக்கிப் போட்டார். பந்து கோல்கீப்பர் மோலரின் தலைக்கு மேல் போய், தூரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது. அங்கே வலது பக்கத்திலிருந்து முழு வேகத்தில் ஓடிவருகிறார் ட்ரெவர் ஃபிரான்சிஸ். தலையால் முட்டி வலையின் கூரைக்குள் அனுப்பிவிட்டு, ஓடிவந்த வேகத்தை அடக்க முடியாமல், புல்லுக்கு வெளியே குண்டு எறிதலுக்காகப் போட்டிருந்த தளத்தில் போய் விழுந்தார். தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய மைதானம் அது.

ஃபிரான்சிஸுக்கு அதுதான் ஐரோப்பியப் போட்டியில் முதல் ஆட்டம். இங்கிலாந்தில் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர். 1979 பிப்ரவரியில்தான் வந்தார் என்பதால் ஐரோப்பிய விதிப்படி இறுதிப்போட்டி வரை அவரை இறக்க முடியவில்லை. அதே ஆட்டத்தில் இடது பேக்காக ஆடிய ஃபிராங்க் கிளார்க்கையும் பாருங்கள். நியூகாசில் ஒரு பைசா வாங்காமல் விட்டுக்கொடுத்தவர், 35 வயது. பாரெட்டுக்கு லிவர்பூல் ஆட்டம் முடிந்த சில நாளிலேயே முழங்காலில் பலத்த காயம்பட்டதால்தான் கிளார்க்குக்கு அந்த இடம். மியூனிக்தான் அவருக்குக் கடைசி ஆட்டம். பத்து லட்சம் பவுண்டு ஆளும், 2,000 பவுண்டு ஆளும், இலவசமாக வந்த ஆளும் ஒரே மேடையில் பதக்கம் வாங்கினார்கள்.

அந்த வருடக் கணக்கு: ஒன்பது ஆட்டம், ஆறு வெற்றி, மூன்று டிரா, தோல்வியே இல்லை. நடுவில் லீக்கில் 42 ஆட்டம் தொடர்ந்து தோற்காமல் ஓடிய சாதனையும் வந்தது. 1978 டிசம்பரில் ஆன்ஃபீல்டில்தான் அது முடிந்தது. 2004ல் ஆர்சனல் தாண்டும்வரை அதை யாராலும் நெருங்க முடியவில்லை.

சரி, ஒரு வருடம் எல்லாம் கூடிவந்தது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது வருடம்?

1979-80ல் ஆரம்பச் சுற்றுகள் ஃபாரஸ்டுக்குச் சாதகமாக விழுந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவீடனின் ஓஸ்டர், ருமேனியாவின் ஆர்ஜெஷ் பிடேஷ்டி. இரண்டையும் பெரிய சிரமமில்லாமல் கடந்தார்கள். இதற்கிடையே, இரண்டு ஐரோப்பியப் போட்டிகளின் சாம்பியன்கள் மோதும் சூப்பர் கோப்பையில் பார்சிலோனாவை இங்கே 1-0, அங்கே 1-1 என்று வென்றார்கள். இதைப் பலர் மறந்தே விடுகிறார்கள். காலிறுதியில்தான் சிக்கல். கிழக்கு ஜெர்மனியின் டைனமோ பெர்லின் சிட்டி கிரவுண்டுக்கே வந்து 1-0 என்று வென்றது. அடுத்த வாரம் வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதிப்போட்டி. அதில் ஷில்டனும் டேவிட் நீடமும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டதால் வுல்வ்ஸ் அணிக்குக் கோல் கிடைத்தது, அதிலேயே ஃபாரஸ்ட் தோற்றது. நான்கே நாள் கழித்து, பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம், மார்ச் மாதக் குளிரில், கிழக்கு பெர்லினில் ஒரு கோல் பின்தங்கி நின்றார்கள். இடைவேளைக்கு முன்பே ஃபிரான்சிஸ் இரண்டு, ராபர்ட்சன் பெனால்ட்டியில் ஒன்று என்று 3-0. கடைசியில் 3-1.

அரையிறுதியில் ஆயாக்ஸ். இங்கே 2-0, ஆம்ஸ்டர்டாமில் 0-1. போதுமானது.

இறுதிப்போட்டி மாட்ரிட்டில், ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில், 1980 மே 28. எதிரே மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க். அதில் ஆடிய கெவின் கீகன் 1978லும் 1979லும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். கால்ட்ஸ், மகாத், ஹ்ரூபெஷ் என்று அணி முழுக்கப் பெயர்கள். அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 0-2 தோற்றுவிட்டு, ஊருக்குத் திரும்பி 5-1 என்று அடித்து நொறுக்கியவர்கள். எல்லோரும் ஹாம்பர்க்தான் என்றார்கள்.

ஃபாரஸ்டின் நிலைமை மோசம். ஃபிரான்சிஸுக்குக் குதிகால் நரம்பு அறுந்து ஆட முடியாது. டோனி வுட்காக்கை நவம்பரிலேயே விற்றுவிட்டார்கள். வாங்கியது அதே கோல்ன். ஐந்து மாற்று ஆட்டக்காரர் உட்கார வேண்டிய பெஞ்சில் நான்கு பேர்தான். முன்னால் பர்ட்டில்ஸ் மட்டும் தனியாக. அவருக்குப் பின்னால் 18 வயது கேரி மில்ஸையும் சேர்த்து ஐந்து பேர் நடுவில். கிளஃப் ஆட்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பதற்குப் பதிலாக மயோர்க்கா தீவில் கடற்கரை ஓய்வுக்குக் கூட்டிப்போனார். சீசன் முழுக்க ஓடிய கால்களுக்கு ஓய்வுதான் பயிற்சி என்பது அவர் எண்ணம். அந்த ஓய்வு ஒத்துவராத ஒரே ஆள் ஷில்டன். மாட்ரிட்டில் ஓட்டலுக்குப் பக்கத்தில் பயிற்சிக்குப் புல்தரை கிடைக்காமல், பயிற்சியாளர் ஜிம்மி கார்டனோடு சாலை நடுவில் இருந்த ஒரு ரவுண்டானாவின் புல்லில் இறங்கிப் பந்து பிடித்தார். சுற்றிலும் கார்கள் போய்க்கொண்டிருக்க, உலகின் ஆகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் அங்கே விழுந்து எழுந்துகொண்டிருந்தார்.

இருபதாவது நிமிடத்தில் ராபர்ட்சன் இடமிருந்து உள்ளே வெட்டி வந்தார். பர்ட்டில்ஸிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி, பெட்டிக்கு வெளியிலிருந்து வலது காலால் தரையோடு உதைத்தார். தூரத்துக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மீதி எழுபது நிமிடம் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. கால்ட்ஸின் ஷாட் ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இடைவேளைக்குப் பின் உயரமான ஹ்ரூபெஷும் இறங்கினார். லாய்டும் பர்ன்ஸும் வந்ததையெல்லாம் முட்டித் தள்ளினார்கள். கீகன் பந்து கிடைக்காமல் தன் பாதிக்கே இறங்கிப் போய் ஆட வேண்டியதாயிற்று. 1-0.

இப்போது இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பியக் கோப்பையில் 18 ஆட்டம்: 12 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. அடித்தது 32, வாங்கியது 12. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எதிரணி ஊரில் ஆடிய எட்டு ஆட்டங்கள். ஆன்ஃபீல்ட், ஏதென்ஸ், சூரிச், கோல்ன், சுவீடன், ருமேனியா, கிழக்கு பெர்லின், ஆம்ஸ்டர்டாம். நான்கு வெற்றி, மூன்று டிரா, ஒரே தோல்வி. எட்டில் ஒன்றில்கூட ஒரு கோலுக்கு மேல் வாங்கவில்லை. இரண்டு இறுதிப்போட்டியிலும் கோலே வாங்கவில்லை. அதிர்ஷ்டம் ஒரு குலுக்கலில் உதவும், ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புவதில் உதவும். இரண்டு வருடம், எட்டு வெளியூர், அத்தனையிலும் கதவைச் சாத்தி வைப்பதற்குப் பெயர் திறமை. லீக்கில் 42 ஆட்டத்துக்கு 24 கோல் மட்டுமே கொடுத்த அதே பின்வரிசைதான் ஐரோப்பாவிலும் போய் நின்றது. முன்னால் ராபர்ட்சனிடம் பந்தைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று நடக்கும் என்று பத்துப் பேரும் நம்பினார்கள். முதல் இறுதியில் கிராஸ் அவருடையது, இரண்டாவதில் கோலே அவருடையது.

அதற்குப் பின் சரிவு வேகமாக வந்தது. 1980-81ல் முதல் சுற்றிலேயே சோஃபியாவின் சி.எஸ்.கே.ஏ.விடம் இரண்டு ஆட்டத்திலும் 0-1. சூப்பர் கோப்பையில் வலென்சியாவிடம் எதிரணி ஊர் கோல் கணக்கில் தோல்வி. 1981 பிப்ரவரியில் டோக்கியோவில் நடந்த கண்டங்களுக்கிடையிலான கோப்பையில் உருகுவேயின் நசியோனலிடம் 0-1. பர்ட்டில்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 1982ல் டெய்லரும் விலகினார். அவருக்கும் கிளஃபுக்கும் இடையில் விழுந்த விரிசல் 1990ல் டெய்லர் இறக்கும்வரை ஒட்டவே இல்லை.

ஆனால் ஐரோப்பியக் கோப்பைக்கு வெளியே நடந்த இன்னொரு ஐரோப்பியப் போட்டியான யூயீஎஃப்ஏ கோப்பையில் 1983-84ல் நடந்ததைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் புது அணியோடு பி.எஸ்.வி.யை வென்று, ஸ்காட்லாந்தின் செல்டிக்கை கிளாஸ்கோவுக்கே போய் 2-1 என்று வென்று, அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அங்கே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட். சிட்டி கிரவுண்டில் ஸ்டீவ் ஹாஜ் கடைசி நேரத்தில் இரண்டு கோல் அடித்து 2-0. இறுதிப்போட்டி கைக்கெட்டும் தூரம்.

பிரஸ்ஸல்ஸில் நடந்த இரண்டாவது ஆட்டத்துக்கு நடுவர் ஸ்பெயினின் குருசேதா முரோ. ஆண்டர்லெக்டின் ஷிஃபோ ஒரு கோல். பிறகு ஒரு பெனால்ட்டி: ஆண்டர்லெக்டின் பிரில்லே கீழே விழுந்தபோது பக்கத்திலிருந்த ஃபாரஸ்டின் ஸ்வெயின் அவரைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. பதிவைப் பார்த்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அப்புறம் மூன்றாவது கோல். கடைசி நிமிடத்தில் கார்னரிலிருந்து ஃபாரஸ்டின் பால் ஹார்ட் தலையால் முட்டி உள்ளே போட்டார். அந்தக் கோல் நின்றிருந்தால் எதிரணி ஊர் கோல் கணக்கில் ஃபாரஸ்ட் இறுதிக்குப் போயிருக்கும். நடுவர் விசில் அடித்து மறுத்துவிட்டார். எதற்காக என்று ஆட்டக்காரர்களுக்கு விளங்கவே இல்லை. 0-3.

பதின்மூன்று வருடம் கழித்து, 1997ல், ஆண்டர்லெக்டின் அன்றைய தலைவர் அந்த நடுவருக்கு பத்து லட்சம் பெல்ஜியம் ஃபிராங்க் கொடுத்திருந்தார் என்பது வெளியே வந்தது. கடனாகக் கொடுத்தது என்றார்கள். நடுவர் 1987லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார், கேட்பதற்கு ஆள் இல்லை. யூயீஎஃப்ஏ ஆண்டர்லெக்டை ஒரு வருடம் தடை செய்தது. விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. 1973ல் யுவென்டஸிடம் ஏமாந்தோம் என்று நம்பிய மனிதருக்கு இரண்டாம் முறை இது. ஃபாரஸ்டின் ஐரோப்பியக் கணக்கில் என் மனதுக்கு ஆறாத இடம் இதுதான். அன்று ஆடியவர்களில் பலருக்கு அதுதான் இறுதிப்போட்டிக்குப் போகக் கிடைத்த ஒரே வாய்ப்பு.

அடுத்த வருடம் கிளப் ப்ரூகேயிடம் முதல் சுற்றில் வெளியே. 1985 மே மாதம் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல்–யுவென்டஸ் இறுதிப்போட்டிக்கு முன் 39 பேர் உயிரிழந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகள் ஐந்து வருடம் ஐரோப்பாவில் ஆடத் தடை. அந்தக் கொடுமைக்கு முன்னால் கால்பந்துக் கணக்கு பேசுவது சிறிய விஷயம்தான். ஆனாலும் நீங்கள் கேட்டது அணியின் வரலாறு என்பதால் சொல்கிறேன். கிளஃப் இன்னொரு நல்ல அணியைக் கட்டியது சரியாக அந்த வருடங்களில்தான். ஸ்டூவர்ட் பியர்ஸ், டெஸ் வாக்கர், கிளஃபின் மகன் நைஜல் எல்லாம் இருந்த அணி. 1988லும் 1989லும் லீக்கில் மூன்றாவது இடம், 1989லும் 1990லும் லீக் கோப்பை. அந்த அணி ஐரோப்பாவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

1993ல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, கிளஃப் ஓய்வு பெற்றார். அடுத்து மேனேஜராக வந்தவர் யார் தெரியுமா? மியூனிக்கில் இடது பேக்காக ஆடிய அதே ஃபிராங்க் கிளார்க். ஒரே வருடத்தில் மேலே ஏற்றி, அடுத்த வருடம் லீக்கில் மூன்றாவதாக வந்து, 1995ல் ஃபாரஸ்டை மறுபடி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். யூயீஎஃப்ஏ கோப்பை முதல் சுற்றில் எதிரணி மால்மோ! அங்கே 1-2, இங்கே பிரையன் ராய் அடித்த ஒரே கோல். எதிரணி ஊர் கோல் கணக்கில் தப்பித்தார்கள். அடுத்து ஓசேர், லியோன் இரண்டையும் வென்றதும் தலா ஒரே ஒரு கோலில்தான், இரண்டு தடவையும் 1-0, 0-0 என்று. அந்தப் பழைய ஃபாரஸ்ட் பாணி. அந்த வருடம் காலிறுதி வரை போன ஒரே இங்கிலாந்து அணி ஃபாரஸ்ட்தான். காலிறுதியில் பயர்ன் மியூனிக். முதல் ஆட்டம் அதே ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், 1-2. நம்பிக்கை இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் கிளின்ஸ்மன் இரண்டு அடிக்க, சொந்த மண்ணில் 1-5. அந்த வருடக் கோப்பை பயர்னுக்குத்தான் போனது.

அதற்குப் பின் முப்பது வருடம் ஐரோப்பா கிடையாது. 2005ல் மூன்றாம் டிவிஷனுக்கே இறங்கிவிட்டார்கள். ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஓர் அணி சொந்த நாட்டில் மூன்றாம் நிலைக்குப் போனது அதுதான் முதல்முறை. மூன்று வருடம் அங்கே கிடந்தார்கள். சட்டையில் மரச் சின்னத்துக்கு மேல் இரண்டு நட்சத்திரம். ஆடுவது சிறிய ஊர்களின் சிறிய மைதானங்களில். 2008ல் ஒரு படி ஏறி, 2022ல் ஸ்டீவ் கூப்பரின் கீழ் பிரீமியர் லீக்குக்குத் திரும்பி, 2024-25ல் மேனேஜர் நூனோவின் கீழ் ஏழாவதாக வந்து, பழைய யூயீஎஃப்ஏ கோப்பையின் இன்றைய வடிவமான யூரோப்பா லீக்கில் இடம் பிடித்தார்கள்.

2025 செப்டம்பரில் செவில் நகரில் ரியல் பெட்டிஸுடன் 2-2 என்று மறுபடி தொடங்கினார்கள். அக்டோபரில் போர்ட்டோவை சிட்டி கிரவுண்டில் 2-0 என்று வென்றார்கள். நவம்பர் கடைசியில் அதே மைதானத்துக்கு வந்த அணி மால்மோ. 1979ல் மியூனிக், 1995ல் முதல் சுற்று, இப்போது மூன்றாவது தடவை. முதல் சந்திப்பில் தலையால் முட்டிய ஃபிரான்சிஸ் 2023ல் காலமாகிவிட்டார். முதல் சந்திப்பை நேரில் பார்த்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று கேலரியில் நிற்கும் வயது. அந்த இரவு ஃபாரஸ்ட் 3-0 என்று வென்றது. சிட்டி கிரவுண்டின் ட்ரென்ட் எண்ட் கேலரிப் பக்கம் மறுபடி ஐரோப்பியப் பாட்டு கேட்டது.